ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஸ்டாப் அமுக்காதீங்க

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் இறக்கி வெச்சுக்கிறேன், மேஜையில இருக்கிறது தெரியணும். ஆங், இப்ப சரி. இது ரெக்கார்டர். இது ரெண்டும் மைக். கச்சேரிக்குப் போனா இதுவும் ஒரு உயரமான ஸ்டாண்டும்தான் என்னோட சாமான். நான் சவுண்ட் இன்ஜினியர் கிடையாது. டிக்கெட் வாங்கி, பாண்டுகிட்ட அனுமதி கேட்டு, கூட்டத்தோட நின்னு ரெக்கார்ட் பண்ற ஆள். எங்களை டேப்பர்னு சொல்வாங்க. ப்ளூகிராஸ்ங்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி, பழைய ஃபிடில் (நம்ம வயலின்தான்) இசை, ஃபோக், இந்தப் பக்கம்தான் நான் அதிகம் போறது.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் எந்த மைக் வாங்கலாம்னுதான் முதல்ல கேக்கிறாங்க. அதையும் சொல்றேன். ஆனா அதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு: ஒரு தடவை ரெக்கார்ட் அமுக்கிட்டா, கச்சேரி முடியிற வரைக்கும் அந்தப் பட்டன் பக்கமே கை போகக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல ஒரு கச்சேரி. வயசான ஃபிடில்காரர், தனியா உக்காந்து வாசிக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் ரொம்ப நேரம் சுருதி சேர்ப்பார், ஏதாவது பேசுவார். வீட்டுக்குப் போய் வெட்டுற வேலை மிச்சம்னு நெனச்சு, அவர் பேச ஆரம்பிச்சதும் பாஸ் அமுக்கிடுவேன். வில்லை எடுத்ததும் மறுபடி ஓட விடுவேன். ரெக்கார்டிங் நல்லாத்தான் வந்துச்சு. அதைக் கேட்ட ஒரு ஃபிடில் மாணவர் என்கிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டார். நாலாவது பாட்டுக்குத் தந்தியை எப்படிச் சேர்த்தார்? அதை யார்கிட்ட கத்துக்கிட்டதாச் சொன்னார்? ரெண்டுக்கும் பதிலை அந்தப் பெரியவர் மேடையிலயே சொன்னார். நான் கேட்டேன். ஆனா எனக்கு நினைவில்ல, ரெக்கார்டிங்லயும் இல்ல. இன்னைக்கும் அந்த ஃபைலைத் திறந்தா மனசு கனத்துப் போகுது.

ஏன் இது அவ்வளவு பெரிய நஷ்டம்னா, பழைய ஃபிடில் இசையில நாலு தந்தியையும் எப்பவும் ஒரே மாதிரி வெச்சுக்க மாட்டாங்க. வழக்கமான ஜி, டி, ஏ, ஈ-யை மாத்தி, ஏ, ஈ, ஏ, ஈ-னு சேர்ப்பாங்க. பாட்டுக்குப் பாட்டு மாறும். ஒரே மெட்டு ஊருக்கு ஊர் வேற பேர்ல இருக்கும். அதனால "இது எங்க தாத்தா வாசிச்ச விதம்"னு ஒருத்தர் சொல்றது சும்மா பேச்சு இல்ல. அந்த மெட்டோட முகவரியே அதுதான்.

முன்னாடி இருந்தவங்களுக்கு வெட்டுறதைத் தவிர வேற வழியில்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில நூலகரா இருந்த லயனல் மேப்பிள்சன், 1901-லிருந்து 1903 வரைக்கும் அங்க நடந்த நிகழ்ச்சிகளை மெழுகு சிலிண்டர்ல பிடிச்சார். ஒரு சிலிண்டர்ல சுமார் ரெண்டு நிமிஷம்தான் அடங்கும். 1947-48-ல டீன் பெனடெட்டிங்கிறவர் ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரை ரெக்கார்ட் பண்ணினப்போ, பார்க்கர் தனியா வாசிக்கிற பகுதியை மட்டும் எடுத்துட்டு மத்ததைப் பெரும்பாலும் விட்டுட்டார். பெனடெட்டியும் சாக்ஸபோன் வாசிக்கிறவர், கத்துக்கத்தானே எடுத்தார். அவங்க எடுத்ததாலதான் அவ்வளவாவது நம்ம கைக்கு வந்துச்சுன்னு கும்பிடுறேன். ஆனா பார்க்கர் நிறுத்தின பிறகு என்ன நடந்துச்சுன்னு கேக்க மனசு தவிக்குதுல்ல?

ப்ளூகிராஸுக்கு வாங்க. பத்து இன்ச் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுல ஒரு பக்கம் சுமார் மூணு நிமிஷம். அதுக்குள்ள பாட்டை முடிக்கணும். ப்ளூகிராஸோட தந்தைன்னு சொல்ற பில் மன்றோ மேடையில கூட்டத்துகிட்ட எப்படிப் பேசுவார்னு தட்டுல தெரியாது. 1950-கள்ல மேரிலாந்து நியூ ரிவர் ராஞ்ச், பென்சில்வேனியா சன்செட் பார்க் மாதிரி திறந்தவெளி இடங்களுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டுப் போன மைக் சீகர்ங்கிற இசைக்கலைஞர் மாதிரி ஆளுங்களாலதான் அந்த மேடை நமக்குக் கிடைச்சது. 1956-லிருந்து 1969 வரைக்கும் மன்றோவை நேரடியா எடுத்த ரெக்கார்டிங்குகளை 1993-ல ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ்ங்கிற இசை வெளியீட்டு நிறுவனம் ஒரு தொகுப்பாவே வெளியிட்டாங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1964-ல பாஞ்சோங்கிற தந்தி வாத்தியம் வாசிச்சுக்கிட்டிருந்த ஜெர்ரி கார்சியா, ஒரு நண்பரோட நாடு முழுக்கக் கார்ல சுத்தி ப்ளூகிராஸ் கச்சேரிகளை டேப் பண்ணினார். இருபது வருஷம் கழிச்சு, 1984 அக்டோபர்ல, அவரோட கிரேட்ஃபுல் டெட்ங்கிற ராக் பாண்ட், டேப்பர்களுக்குன்னு அரங்கத்துல தனி இடமே ஒதுக்கிக் கொடுத்துச்சு. மைக் ஸ்டாண்டோட நின்ன அனுபவம் இருந்த மனுஷன் மேடையில இருந்தார், பாருங்க.

கேசட் காலத்துலயும் கஷ்டம்தான். 90 நிமிஷக் கேசட்னா பக்கத்துக்கு 45 நிமிஷம். பாட்டு நடுவுல டேப் தீர்ந்துடக் கூடாதுன்னு, பேச்சு வர்ற நேரமாப் பார்த்துத் திருப்பிப் போடுவாங்க. பேச்சுதான் பலியாகும். இப்ப நமக்கு அந்தக் கவலை எதுக்கு? 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோன்னா ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி. 64 ஜிபி கார்டுல ரெண்டு நாள் ராத்திரி பகலா ஓட விட்டாலும் இடம் மிச்சம் இருக்கும்.

சரி, மைக். விலையை விட எங்க நிக்கிறீங்கங்கிறதுதான் பெருசு. மேடைக்கு நேர் நடுவுல, தலைகளுக்கு மேல, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்காத மாதிரி. ரெண்டு கார்டியாய்டு மைக்கை, அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமாப் பிடிக்கிற மைக்கை, 17 சென்டிமீட்டர் இடைவெளியில, 110 டிகிரி விரிச்சு வைங்க. ஓ.ஆர்.டி.எஃப்.னு சொல்ற முறை இது. ஹெட்போன்ல கேட்டா யார் எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு தெரியும். ப்ளூகிராஸ்ல பாண்ட் மொத்தமும் ஒரே மைக்கைச் சுத்தி நின்னு, பாஞ்சோக்காரர் தன் முறை வரும்போது முன்னாடி வந்து விலகுற வழக்கம் உண்டு. அந்த மாதிரி மேடையில ஸ்பீக்கர் சத்தம் குறைவா இருந்தா இன்னும் கிட்டப் போங்க. பாட்டு ஓடும்போது ரெக்கார்டிங் லெவல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம வைங்க. கைதட்டல் பாட்டை விடச் சத்தமா வரும், அங்கதான் நிறைய பேருக்குச் சத்தம் உடையுது.

மேடை மைக் எல்லாம் வந்து சேர்ற சவுண்ட்போர்டுல இருந்து நேரா கேபிள் போட்டு எடுத்தா சுத்தமா இருக்குமேன்னு கேப்பீங்க. இருக்கும். ஆனா சின்ன அரங்கத்துல மேடை மைக்குக்கே போகாத சத்தம் நிறைய இருக்கு. தரையில தட்டுற கால், வரிசையில யாரோ மெதுவா சேர்ந்து பாடுறது, அடுத்த பாட்டோட முதல் ரெண்டு சுரத்துலயே கண்டுபிடிச்சுட்டு ஒரு மூலையில கிளம்புற கூச்சல். அந்த ஊர்ல அந்தப் பாட்டு எவ்வளவு பழக்கம்னு அந்தக் கூச்சல் சொல்லிடும். அதை எந்தக் கேபிளும் கொண்டு வராது.

அனுமதி கிடைக்கலன்னா மைக்கைப் பைக்குள்ள வெச்சுட்டு பாட்டை மட்டும் கேளுங்க, ஒளிச்சு எடுக்காதீங்க. எடுத்ததைக் காசுக்கு விக்காதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டுக்குப் பாட்டு டிராக் பிரிங்க, தப்பில்ல. ஆனா பேச்சையும் சுருதி சேர்க்கிறதையும் முன்னாடி பாட்டோட வாலாவோ தனி டிராக்காவோ விட்டுடுங்க. எம்.பி.3 வேண்டாம், தரம் குறையாமச் சுருக்குற ஃப்ளாக் (FLAC) ஃபைலா வெச்சுக்கோங்க. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: யார், எங்க, என்ன தேதி, எந்த மைக், எங்க நின்னீங்க. அன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க, ஒரு வாரம் போனா தேதியே குழம்பும்.

கச்சேரி முடிஞ்சு விளக்கு போட்டதும் நான் உடனே ரெக்கார்டர் கிட்டப் போக மாட்டேன். ஜனங்க நாற்காலியை நகத்துறது, ஃபிடிலைப் பெட்டியில வைக்கிறது, மேடை ஓரத்துல ஒரு சின்னப் பொண்ணு அந்த மெட்டை இன்னொரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கிறது, எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். போன மாசம் அப்படித்தான், அவளுக்காக ஃபிடில்காரர் பெட்டியை மறுபடி திறந்தார்.