அறுபது பேர் நின்ற ராத்திரி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சோமனூர்க்காரி. தறிகுடோனை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் எட்டுத் தறி. ராத்திரி ஷிப்ட் ஓடும்போது அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கத்து நேயர்கள் மட்டும் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இண்டி ராக் கச்சேரிக்குப் போய்வந்த அனுபவத்தைப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். தறியில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். எனக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

நம் ஊர் நோம்பிகளில் பாட்டுக் கச்சேரி என்றால் சினிமாப் பாட்டுத்தான். முதல் வரி எடுத்ததுமே கூட்டம் கூடவே பாடும். இண்டி என்பது அப்படியில்லை. பெரிய கம்பெனியின் பணமோ சினிமாவோ பின்னால் கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து தாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு செய்து, ஊர் ஊராக வேனில் போய்ப் பாடுகிறார்கள். கிட்டாரும் டிரம்ஸும் முன்னால் நின்றால் இண்டி ராக். அந்தப் பாட்டுகளை டீக்கடையில் கேட்க முடியாது. யாராவது ஒருத்தர் போனில் அனுப்பி, ‘இதைக் கேட்டுப் பார்’ என்று சொன்னால்தான் வரும். எனக்கு அனுப்பியது என் அக்கா மகள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் அவளே போன் செய்தாள். “சித்தி, நீங்க வந்தே ஆகோணும். கூட்டமில்லீனா அவுங்க மறுபடியும் கோயமுத்தூர்ப் பக்கமே வர மாட்டாங்க” என்றாள். அவள் குரலில் இருந்த கவலை எனக்குப் பிடித்திருந்தது. குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்த உரை யாருக்கும் விளம்பரமாக வேண்டாம். அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு அரங்கு. முந்நூறு பேர் நிற்கலாம். நாற்காலி கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்த மழை விடவேயில்லை. வாசலில் கையில் முத்திரை குத்திய பையன் கணக்கு வைத்திருந்தான். அறுபது பேர்.

யார் யார் அந்த அறுபது பேர்? பொள்ளாச்சியிலிருந்து நனைந்துகொண்டே வந்த ஒரு தம்பி, உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தான். வாளையாறு தாண்டி இரண்டு பேர் பைக்கில் வந்திருந்தார்கள். கேரளத்தில் இது புதிதில்லை. அவியல் என்ற குழு 2000-களிலேயே மலையாளத்தில் ராக் பாடிப் பெரிய கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. அந்த இரண்டு பேரும் கச்சேரிக்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கழுத்தில் கம்பெனி அட்டையோடு நேராக ஷிப்ட் முடித்து வந்திருந்தார். மற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நாற்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். யாரும் என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. “அக்கா, முன்னால வாங்க, இங்கிருந்து நல்லாத் தெரியும்” என்று ஒரு பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆரம்பிக்கும் முன் சவுண்ட் செக். டிரம்மர் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மை மட்டும் ‘டும்… டும்… டும்’ என்று பத்து நிமிடம் அடித்துக்கொண்டேயிருந்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டி முன்னால் நின்றவர் கையை மேலே கீழே காட்டினார். கொட்டுக்காரர்கள் பறையை நெருப்பில் காய்ச்சுவதை வேடிக்கை பார்த்தபடி நோம்பி ராத்திரிகளில் உட்கார்ந்திருப்போமே, அதே போல எல்லோரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரியில் எனக்கு மிகவும் பிடித்த நேரங்களில் இது ஒன்று. சீக்கிரம் போனால்தான் இது கிடைக்கும்.

அப்புறம் விளக்கு அணைந்தது. முதல் பாட்டு என் உள்ளங்கால் வழியாகத்தான் ஏறியது. தரை அதிர்ந்தது, தாழ்ந்த சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டார் நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. போனில் அந்தப் பாட்டை நூறு முறை கேட்டிருக்கிறேன். அதில் பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வருவதற்கு இடமே இல்லை. ஆளுயர ஸ்பீக்கர் காற்றையே தள்ளுகிறது. அந்தக் காற்று நம் மேல் வந்து மோதுகிறது. உடம்போடு போய் நின்றால்தான் அது புரியும்.

என் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டாவது பாட்டிலேயே அதன் காரணம் புரிந்துவிட்டது. சாதா விசைத்தறி நிமிடத்துக்கு 120 முதல் 150 ஊடை வரை ஓடும். ஊடை என்றால் குறுக்கு நூல். அதைக் கொண்டுபோகும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் பாயும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு அடி. ராக் பாட்டில் டிரம்மர் அடிக்கிற வேகமும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. நான் தொட்டிலில் கேட்ட தாளம் அது. முன்பின் அறியாத ஒரு குழு, சென்னையிலிருந்து வந்து, எங்கள் மூன்றாம் தறியை வாசித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அக்கா மகள் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ஆனால் “தண்ணி வேணுமா?” என்று கேட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. தறிகுடோனில் யாரும் கத்திப் பேச மாட்டார்கள். வாயசைவும் விரலும்தான் பேச்சு. ‘ஊடை தீர்ந்துபோச்சு’, ‘சாப்பாடு வந்திருச்சு’, ‘மேஸ்திரி வர்றாரு’ எல்லாமே வாயசைவுதான். இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் தறி ஓட்டிய பெண்களும் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். அதற்கு மீ-மாயிங் என்று பெயரே வைத்திருந்தார்கள். கச்சேரி முழுக்க நானும் அவளும் அப்படியே பேசிக்கொண்டோம்.

அந்தத் தறிச்சத்தம் எங்கள் அய்யனின் காதைத் தின்றுவிட்டது. நாற்பது வருடம் காதில் பஞ்சுகூட வைக்காமல் தறி ஓட்டினார். அதனால் காதடைப்பான் இல்லாமல் நான் கச்சேரிக்குப் போவதில்லை. பாட்டு நன்றாகவே கேட்கும், சத்தம்தான் குறையும். இசை அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை சொல்லியிருக்கிறது. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ‘ங்ஙீ’ என்று கேட்டால் காது அடிபட்டிருக்கிறது என்று பொருள். பிள்ளைகளே, தயவுசெய்து ஸ்பீக்கர் மேல் சாய்ந்து நிற்காதீர்கள். நான் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

சரி, அறுபது பேர் விஷயத்துக்கு வருகிறேன்.

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கிலாந்தில் இருக்கும் அந்த மான்செஸ்டரின் இன்னொரு கதையை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மில்கள் மூடிக் கிடந்த காலத்தில், 1976 ஜூன் 4 அன்று நடந்தது. பீட் ஷெல்லி, ஹோவர்ட் டிவோட்டோ என்று இரண்டு இளைஞர்கள். லண்டன் பக்கம் போய் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழுவைப் பார்த்தவர்கள், ‘இவர்களை நம் ஊரிலும் பாட வைக்க வேண்டும்’ என்று ஒரு சிறிய அரங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். டிக்கெட் 50 பென்ஸ். வந்தது சுமார் நாற்பது பேர் என்று சொல்கிறார்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்த அரங்கு.

அந்த நாற்பது பேரில் ஒருவர் பீட்டர் ஹுக். மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். கூட வந்த நண்பர் பெர்னார்ட் சம்னரோடு சேர்ந்து ஆரம்பித்த குழுதான் பின்னாளில் ஜாய் டிவிஷன் ஆயிற்று. தி ஃபால் குழுவின் மார்க் இ. ஸ்மித் அங்கே நின்றிருக்கிறார். தி ஸ்மித்ஸ் குழுவின் மோரிஸ்ஸியும் நின்றிருக்கிறார். கச்சேரியை நடத்திய இரண்டு பேரும் பஸ்காக்ஸ் என்ற தங்கள் குழுவுக்காக 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே ஆயிரம் இசைத்தட்டு போட்டு விற்றார்கள். பெரிய கம்பெனியின் வாசலில் போய் நிற்காமல் சொந்தமாகவே பாட்டு வெளியிடலாம் என்ற தைரியம் நிறையப் பேருக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது. இன்றைக்கு நாம் இண்டி என்று சொல்வதற்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. பின்னாட்களில் ‘நானும் அந்த அரங்கில் இருந்தேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

நம் மொழியிலும் பெரிய கூட்டம் கூடியிருக்கிறது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல் முறையாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சேர்ந்து ஒலித்ததை ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டார்கள். அப்படிப்பட்ட ராத்திரிகள் எப்போதாவதுதான் வரும். மற்ற நாட்களில் மழை பெய்யும், அறுபது பேர்தான் வருவார்கள், பாடுகிறவர்கள் அந்த அறுபது பேருக்குப் பாடியாக வேண்டும்.

அன்றைக்குப் பாடினார்கள். பாதிக் கச்சேரியில் பாடகர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே இறங்கி எங்கள் நடுவில் நின்றுகொண்டார். கூட்டம் குறைவு என்பதால் எல்லோருக்கும் கையை வீசி ஆட இடம் இருந்தது. பொள்ளாச்சித் தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் கூடவே பாடினான். கடைசி பஸ்ஸை அவன் மறந்தே போயிருந்தான். பைக்கில் வந்த இரண்டு பேருக்கும் தமிழ் அரைகுறைதான், ஆனால் ஒரு இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை.

ஒரு பாட்டின் நடுவே ஒரு இடம் வந்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. இரண்டு மாத்திரை சுத்தமான மௌனம். பாட்டை அறிந்த பிள்ளைகள் தூக்கிய கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கூரை மேல் மழை கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரண்ட் போய் எட்டுத் தறியும் ஒன்றாக நிற்கும் அந்த ராத்திரி மௌனம், முப்பது வருடம் கழித்து என் முன்னால் வந்து நின்றது. அடுத்த நொடி டிரம்மர் இறங்கினார், அறுபது பேரும் சேர்ந்து குதித்தோம். நானும்தான் குதித்தேன். வேலை மாற்றலாகிப் பாதியில் விட்டுப் போன ஒரு தோழியின் நினைவு வந்து, குதித்துக்கொண்டே அழுதேன். ஏன் அவள் நினைவு வந்தது என்று இன்னமும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை எதுவும் கேட்காமல் என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு டி-ஷர்ட் விற்றார்கள். பாடகரே பணம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இணையத்தில் ஒரு பாட்டு ஒரு தடவை ஓடினால் கிடைப்பது பைசாக் கணக்கு. இப்படி விற்கிற சட்டைதான் வேனுக்கு டீசல் போடுகிறது. திருப்பூர் அண்ணன் ஒரு சட்டையை எடுத்து, முன்னால் அச்சடித்திருந்த படத்தைப் பார்க்காமல், உள்பக்கத்தைத் திருப்பினார். தையலை விரலால் நீவினார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

“ஏனுங், இது நூத்தி அறுவது ஜிஎஸ்எம் இருக்குமுங்ளா?”

பாடகருக்குப் புரியவில்லை.

“துணி எடைங்க. கொஞ்சம் லேசு. நூத்தி எம்பது போட்டீங்கன்னா நாலு வருசம் உழைக்கும். கழுத்து ரிப்பு ரெண்டு தண்ணிக்கு மேல நிக்காதுங்க. அடுத்த தடவ எங்கிட்டச் சொல்லுங்க, நல்ல பீஸா அடிச்சுத் தர்றோம்.”

சொல்லிவிட்டு இரண்டு சட்டை வாங்கினார். பாடகர் தன் போனை நீட்டி நம்பரைக் குறித்துத் தரச் சொன்னார். ரசிகர் என்ற சொல்லை நான் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். அந்த அண்ணன் துணியைத் தேய்த்துப் பார்த்த அக்கறையைத்தான் அந்தச் சொல்லுக்கு நான் கண்ட பொருத்தமான உருவம் என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சித் தம்பிக்குக் கடைசி பஸ் போய்விட்டது. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ‘எங்க ரூம்ல படுத்துக்கடா’ என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரத்துக்கு முன்பு ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

நான் சோமனூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மழை விட்டிருந்தது. தறி விற்று ஆறு வருடமாகிறது, குடோனில் இப்போது மாட்டுத்தீவன மூட்டைகள். அய்யன் திண்ணையில் கட்டிலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் போய் அமர்ந்தேன். “எங்கே போய்ட்டு வந்தே கண்ணு?” என்றார். வாயசைத்துச் சொன்னேன். ‘பாட்டு. டிரம்ஸ்.’ அவருக்கு டிரம்ஸ் பிடிபடவில்லை. கட்டில் சட்டத்தில் இரண்டு கையாலும் அந்தப் பாட்டின் தாளத்தை அடித்துக் காட்டினேன். அவர் உள்ளங்கையைச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்திருந்தார்.

“நூத்தி முப்பது ஓடுது” என்றார். “நாடா சுத்தமாப் போகுது. யாரு ஓட்டறது?”