கொழுந்துக் கூடையும் முதல் வேலையும்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் பண்டாரவளையில் ஒரு பாடசாலைக்குப் பேசப் போயிருந்தேன். உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: "அண்ணா, வெளிநாட்டுக்குப் படிக்கப் போனா கேம்ல படம் செய்யிற வேலை கிடைக்குமா?" அதற்குள் மணி அடித்துவிட்டது. அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இன்றைக்குச் சொல்கிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். படித்தது ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில். ஒரு காலத்தில் சணல் ஆலைகளுக்குப் பேர்போன ஊர் அது. பிறகு வீடியோ கேம்களுக்குப் பேர் வாங்கியது. அங்குள்ள அபர்டே பல்கலைக்கழகம் 1997இலேயே கணினி விளையாட்டுக்கென்று பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது.

அங்கே நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை கேட்டு அனுப்பும் படத்தொகுப்பை போட்ஃபோலியோ என்பார்கள். என்னுடையதில் 23 படங்கள் இருந்தன. டிராகன், போர்வீரன், கார், ரோபோ, எல்லாம் இருந்தன. எது கேட்டாலும் செய்வேன் என்று காட்டினால் யாராவது எடுப்பார்கள் என்று நம்பினேன். நாற்பது இடங்களுக்காவது அனுப்பியிருப்பேன். பதில் வந்தது ஐந்தாறு இடத்திலிருந்துதான். ஒரு கம்பனி, சோதனை என்று சொல்லிப் பத்து நாள் வேலையை வாங்கிக்கொண்டது. அப்புறம் பேச்சுமூச்சே இல்லை. இரவு நித்திரை முழித்துச் செய்த வேலை அது, இன்றைக்கு நினைத்தாலும் மனம் கசக்கிறது. தம்பி தங்கைமாரே, சோதனை தந்தால் எத்தனை மணித்தியால வேலை, எப்போது முடிவு சொல்வார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

பிறகு ஒரு மூத்த கலைஞர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "இதில் எந்த வேலைக்கு உன்னை எடுப்பது?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. கேம் ஸ்டூடியோவில் ஆள் உருவம் செய்பவர் வேறு, இடம் செய்பவர் வேறு, மேசை, விளக்கு, வண்டி என்று பொருட்களைச் செய்பவர் வேறு. நான் பொருட்கள் பக்கம் போவதென்று முடிவெடுத்தேன். இருபது படங்களை எடுத்துப் போட்டுவிட்டேன்.

புதிதாக என்ன செய்வது? அம்மாவின் கொழுந்துக் கூடை ஞாபகம் வந்தது. வீட்டில் இருக்கும் என் சொந்தத் தங்கச்சியிடம் சொல்லி, இஸ்தோப்பில் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அளவு தெரிய அவள் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்திருந்தாள். பிளெண்டரில் வேலை தொடங்கினேன். அது முப்பரிமாண உருவங்கள் செய்யும் இலவச மென்பொருள், இங்கே இருந்தே பழகலாம். பின்னலின் ஒவ்வொரு ஈர்க்கையும் தனித்தனியாகச் செய்தால் உருவத்தைக் கட்டும் முக்கோணங்கள் லட்சக்கணக்கில் போய் கேம் திணறும். அதனால் கூடையை எளிய உருவமாகச் செய்து, பின்னலின் மேடு பள்ளத்தை நோர்மல் மேப் என்ற படத்தில் ஏற்றிவிடுவோம். வெளிச்சம் பட்டால் கண்ணுக்கு நிஜப் பின்னலாகவே தெரியும்.

ஆனால் என் கூடை கடையில் வாங்கிய புதுக்கூடை மாதிரி இருந்தது. வட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். "கயிறு தலையில படுற இடம் எண்ணெய் ஏறி கறுத்திருக்குமேப்பா," என்றார். கை பிடிக்கும் விளிம்பு தேய்ந்து பளபளக்கும், அடிப்பக்கம் ஈரம் பட்டு நிறம் மாறியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் டெக்ஸ்சரில், அதாவது உருவத்தின் மேல் போர்த்தும் படத்தில், கொண்டுவந்தேன். ஒரு ஸ்டூடியோ நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அதில் பாதி நேரம் அந்தக் கறுத்த கயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டாம் வருடக் கோடை விடுமுறைக்கு, மூன்று மாத ஒப்பந்தத்தில் வேலை தந்தார்கள்.

விசா விஷயத்தில் கவனம் வேண்டும். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். முதுமாணி படிப்பவர்களுக்குக் கோடைகாலம் பெரும்பாலும் ஆய்வு எழுதும் காலம், அது விடுமுறைக் கணக்கில் வராது. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. இணையத்தில் ஓடர் எடுத்துக் காசுக்குப் படம் வரைவதும் சுயதொழில்தான். பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். படிப்பு முடிந்த பிறகு நிரந்தர வேலைக்கு, விசா ஆதரவு தரும் உரிமம் கம்பனிக்கு இருக்க வேண்டும். அந்த உரிமம் உள்ள கம்பனிகளின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பம் எழுதுமுன் அதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2023, 2024இல் உலகெங்கும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அனுபவசாலிகளும் இப்போது அதே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே காணியை ஈடு வைத்து, கடன் வாங்கி விமானம் ஏறுமுன், ஒரு வருடம் வீட்டிலிருந்தே பழகிப் பாருங்கள்.

பண்டாரவளையில் கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சியிடம், வீட்டில் தினமும் கைபடும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். லயத்து அடுப்படியில் புகை ஏறிய கேத்தலைச் செய்யப்போவதாகச் சொன்னாள். நேற்று முதல் படம் அனுப்பியிருக்கிறாள். மூடியின் பிடி உடைந்து, கம்பி சுற்றியிருக்கிறது. அந்தக் கம்பியை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.