நடவு வயல் சேற்றில் ஒரு கிருமி

வணக்கம் நேயர்களே. ஆணி குத்தினால் உடனே ஊசி போட ஓடுகிறோம் இல்லையா, அங்கே பயப்பட வேண்டியது துருவுக்கு அல்ல, ஆணியில் ஒட்டியிருக்கிற மண்ணுக்குத்தான். டெட்டனஸ் கிருமி மண்ணில் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். சரி, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நான் பேச வந்தது தடுப்பூசியே இல்லாத இன்னொரு மண் கிருமியைப் பற்றி. அது தரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ்.

புது நோய் அல்ல. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது இதைக் கண்டார், அடுத்த வருஷமே அவரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து எழுதி வெளியிட்டார்கள். தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா, இலங்கை, நம் தமிழ்நாடு என்று மழையும் ஈரமண்ணும் உள்ள பல இடங்களில் இது இருக்கிறது.

என்னை வியக்க வைப்பது இதன் உயிர்ப்பிடிப்புதான். டெட்டனஸ் கிருமிக்கு இருக்கிற ஓடு இதற்குக் கிடையாது. ஆனாலும் தாய்லாந்தில் தீனி எதுவும் போடாமல் வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 வருஷம் வைத்திருந்து பார்த்திருக்கிறார்கள், செத்துப்போகவில்லை! சத்து குறைந்த மண்ணிலும் இருக்கும், மண்ணில் வாழும் அமீபாவின் வயிற்றுக்குள் போனாலும் பிழைக்கும். வெயிலும் வறட்சியும்தான் இதற்கு ஆகாது, அதனால் மேல்மண் காய்ந்த காலத்தில் அடியில் ஈரம் நிற்கிற இடத்தில் தங்கிவிட்டு, மழை பெய்து நீர்மட்டம் ஏறும்போது மேலே வருகிறது என்று கருதுகிறார்கள். இதைத் தேடுகிறவர்கள் மண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் எடுக்கிறார்கள்.

மழைக்காலத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? முழங்கால் சேற்றில், வெறுங்காலோடு, பித்தவெடிப்போடு. அந்த வெடிப்பு போதும் இது உள்ளே போக. காற்றோடு அடிக்கிற பெருமழையில் மூச்சு வழியாகவும், சுத்தமில்லாத தண்ணீர் வழியாகவும் போகலாம். நல்ல உடம்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இதில் விழுகிறவர்களில் பெரும்பங்கு அவர்கள். சேற்றுவேலைக்குப் போகும் எத்தனை பேருக்கு இன்று சர்க்கரை இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

காய்ச்சல், இருமல், உடம்பு இளைப்பு, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி. பார்க்கிறவர்கள் டிபி என்று நினைத்து அந்த மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள், நோயாளி மேலும் மேலும் வாடிப்போகிறார். நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், இப்படித் தாமதமாக வந்த ரத்தக் குப்பியைக் கையில் வாங்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

ஆகவே, சர்க்கரை உள்ள உங்கள் அப்பாவுக்கோ அத்தைக்கோ நடவுக்குப் பிறகு விடாத காய்ச்சல் என்றால், டாக்டரிடம் சேற்றில் இறங்கினதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ரத்தத்தையும் சீழையும் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பலாமா என்று கேளுங்கள். வேலைக்குப் போகும்போது கம்பூட்ஸ், காலில் புண் இருந்தால் ஆறும்வரை சேறு வேண்டாம். நோய் உறுதியானால், வழக்கமாகப் போடுகிற பென்சிலின், ஜென்டாமைசின் இதற்குப் பெரும்பாலும் கேட்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 நாளாவது போகும், அப்புறம் 3 மாதம் மாத்திரை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்தினவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது திரும்ப வருகிறது.