மழைக் கணக்கு நடுவில் அறுந்துவிடக் கூடாது

எல்லோருக்கும் வணக்கம். மழையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன், ஆனால் நாளைக்கு மழை வருமா வராதா என்று சொல்ல இல்லை. உலகம் முழுக்க மழை கூடுகிறதா, குறைகிறதா, இடம் மாறுகிறதா என்பதை நாற்பது ஐம்பது வருஷக் கணக்கில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மழைமானி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தரையில் அதற்கு இணை இல்லை. ஆனால் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உலகில் தரவு கிடைக்கிற மழைமானிகள் அத்தனையின் வாய்ப்பரப்பையும் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூடத் தேறவில்லை. பெய்யும் மழையில் முக்கால் பங்குக்கு மேல் கடலில் விழுகிறது, அங்கே போய் யார் அளப்பது? ஆப்பிரிக்காவின் காங்கோ படுகை மாதிரி மழை கொட்டுகிற காட்டிலும் மழைமானிகள் மிகக் குறைவு.

அதனால் மேலேயிருந்துதான் பார்க்க வேண்டும். பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலே நிற்கிற புவிநிலைச் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கும். உச்சி குளிர்ந்திருந்தால் மழை என்று ஊகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவத்தில் உயரமே இல்லாத மேகம் ஓயாமல் கொட்டும், அப்போது இந்த ஊகம் ஏமாந்துபோகும். நுண்ணலைக் கருவி மேகத்துக்குள்ளேயே பார்க்கும்; கடல் மேல் மழைத்துளிகள் பளிச்சென்று தெரியும், தரை மேல் அவ்வளவு எளிதில்லை. ரேடார்தான் எந்த உயரத்தில் எவ்வளவு மழை என்று அடுக்கடுக்காகக் காட்டும்.

விண்வெளியில் முதல் மழை ரேடார் ஏறியது 1997 நவம்பரில். அதைச் சுமந்தது நாசாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய டி.ஆர்.எம்.எம். என்ற மழை அளக்கும் செயற்கைக்கோள். மூன்று வருஷம் ஓடினால் போதும் என்று செய்ததுதான். பறந்த உயரம் 350 கிலோமீட்டர், அங்கே இருக்கிற லேசான காற்றே அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது, எரிபொருள் கரைந்தது. சரி, இன்னும் கொஞ்ச காலம் ஓடட்டும் என்று 2001 ஆகஸ்டில் 402 கிலோமீட்டருக்கு ஏற்றினார்கள். ஆயுள் நீண்டது. ஆனால் ரேடார் ஒரு தடவையில் பார்க்கிற வட்டம் 4.3 கிலோமீட்டரிலிருந்து 5 கிலோமீட்டராக விரிந்துவிட்டது! பாதி மூட்டையை ஒரு தராசிலும் மீதியை வேறு தராசிலும் எடை போட்ட மாதிரி. 2001-க்கு அப்புறம் தரவில் ஒரு சின்ன ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால், மாறியது மழையா, கருவி பார்த்த விதமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே பாதி உழைப்பு போகிறது, அந்த உழைப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

2004-இல் அதைக் கீழே இறக்கிவிடலாம் என்று நாசா முடிவெடுத்தது. பத்திரமாக இறக்கவும் எரிபொருள் வேண்டுமே என்பது அவர்கள் கவலை. விஞ்ஞானிகளும் புயல் கணிப்பவர்களும் விடவில்லை, வாதாடி நிறுத்தினார்கள். 2015 வரை ஓடியது. அதற்குள் 2014 பிப்ரவரியில் அடுத்தது, ஜி.பி.எம்., மேலே போய்விட்டதால் சில மாதங்கள் இரண்டு ரேடாரும் ஒன்றாக இயங்கின. அந்தச் சில மாதங்கள் பொன். ஒரே மழையை இரண்டும் பார்த்தன, எது எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்தது, பழைய தரவை மறுபடி கணக்கிட்டுப் புதியதோடு சேர்க்க முடிந்தது.

இப்படிப் பல செயற்கைக்கோள்களையும் மழைமானிகளையும் கோத்து 1979 முதல் மாதாமாதம் ஓர் உலகக் கணக்கு இருக்கிறது. அது என்ன சொல்கிறது? உலக சராசரி, ஒரு நாளைக்கு 2.7 மில்லிமீட்டர் சுமார், பெரிதாக நகரவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆனால் உலகின் மொத்த மழை அந்த வேகத்தில் கூடுவதில்லை, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான் எதிர்பார்க்கிறார்கள். மாற்றம் தெரிவது மொத்தத்தில் இல்லை, பங்கீட்டில். வெப்பமண்டலக் கடல்களின் மழைப் பட்டையில் பல இடங்களில் கூடியிருக்கிறது, அதற்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள வறண்ட பகுதிகள் சிலவற்றில் குறைந்திருக்கிறது. பசிபிக் கடலின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வருஷங்களில் தரைக்கு வர வேண்டிய மழை கடலுக்குப் போய்விடும், மொத்தம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். சராசரி மாறவில்லை என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னால் நம்பாதீர்கள், விவசாயி சராசரியில் விதைப்பதில்லை.

பசிபிக் கடல் பத்து இருபது வருஷத்துக்கு ஒரு முறை தன் சூட்டையும் குளிர்ச்சியையும் தானாகவே மாற்றிக்கொள்வதும் இதில் கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க நாற்பது சொச்சம் வருஷம் போதாது, இன்னும் நீண்ட தொடர் வேண்டும், நடுவில் ஓட்டை விழாத தொடர். ஜி.பி.எம்.மையும் 2023 நவம்பரில் சுமார் 435 கிலோமீட்டருக்கு ஏற்றியிருக்கிறார்கள், அதே எரிபொருள் கவலைதான். ஜப்பான் அடுத்த மழை ரேடாரைத் தயார் செய்துகொண்டிருக்கிறது. அது மேலே போகும் வரை ஜி.பி.எம். ஓட வேண்டும், இரண்டும் ஒரு பருவமாவது சேர்ந்து பறக்க வேண்டும். இதற்கான பணத்தை வெட்டலாமா என்று எங்கே பேச்சு வந்தாலும், வெட்டாதே என்று சொல்ல ஆள் வேண்டும்.