தழும்பு ஒன்று, இதயம் வேறு

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். பிறவி இதயநோயோடு வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழுக்களை எப்படி நடத்துவது என்று பேச வந்திருக்கிறேன்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 100க்கு ஒன்று இதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது. அப்படியானால் எங்கு திரும்பினாலும் ஒருவரையாவது பார்க்கவேண்டும், இல்லையா? ஆனால் இந்த நோயோடு வளர்ந்தவர்களைக் கேட்டால், "என்னைப் போல இன்னொருத்தரை நான் பார்த்ததே இல்லை" என்பார்கள். தழும்பு சட்டைக்குள் இருக்கிறது. இதயநோய்ப் பிரிவில் காத்திருந்தால் சுற்றிலும் 60 வயதுக்காரர்கள். அடைப்பு, ஸ்டென்ட், கொழுப்பு என்றே பேச்சு. அங்கே உட்கார்ந்திருக்கும் 22 வயதுப் பெண்ணிடம், "யாருக்குத் துணையா வந்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

இவர்கள் தனித்துப்போக இன்னொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோரில், குழந்தை இதயமருத்துவர் ஹெலன் டௌசிக், அறுவைமருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக், அவருடைய ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் மூவரின் உழைப்பால், ஆக்சிஜன் குறைந்து நீலம்பாரித்த ஒரு குழந்தைக்கு நுரையீரலுக்கு ரத்தம் போக மாற்றுவழி அமைத்தார்கள். ஒரே கீழறை இயங்கும் இதயங்களுக்காக, உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஃபான்டன் அறுவை 1968இல்தான் முதலில் நடந்தது. அதற்கு முன்னால் இத்தகைய குழந்தைகளில் பலர் வளரவே இல்லை. இன்று, நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், பிறவி இதயநோயுள்ள பெரியவர்களின் எண்ணிக்கை குழந்தைகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. இந்த இதயத்தோடு 50 வயதில் உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்க, சிக்கலான குறை உள்ளவர்களுக்கு மூத்த தலைமுறை என்று ஒன்று அநேகமாக இல்லை. ஒருவருக்கொருவர்தான் துணை.

ஆனால் "இதயக்காரர்கள்" என்று எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தால் போதாது. பிறவி இதயநோய் என்பது பல பத்துக் குறைகளுக்கு இட்ட பொதுப்பெயர். தானே மூடிக்கொண்ட சிறு ஓட்டையும் அதில் அடக்கம், ஒரே கீழறையோடு வாழும் இதயமும் அதில் அடக்கம். ஆகவே, பெரிய கூட்டத்துக்குள்ளேயே அறுவையின் பெயரைக் கேட்டு, ஃபாலோ டெட்ராலஜி என்ற, நான்கு குறைகள் சேர்ந்த இதயம் உள்ளவர்கள் ஒரு பக்கம், ஃபான்டன் செய்தவர்கள் ஒரு பக்கம், மகாதமனிச் சுருக்கம் உள்ளவர்கள் ஒரு பக்கம் என்று சிறு வட்டங்களாக்குங்கள். ஆறு பேர், எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் கூச்சப்படுகிறவர்கள் வாய்திறக்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆளுக்கு ஒரு தாள். குறையின் முழுப்பெயர், ஒவ்வொரு அறுவையும் நடந்த ஆண்டு, வழக்கமான ஆக்சிஜன் அளவு, மருந்துகள், பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவையா, எந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பலர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள். "ஓட்டை அடைச்சாங்க" என்பதற்கு மேல் தெரியாது, ஏனென்றால் தெரிந்தவர்கள் அப்பா அம்மா. அறுவைக் குறிப்பின் நகலை மருத்துவமனையில் கேட்டு வாங்க இந்தத் தாளே தூண்டுதல். எந்தக் கை என்பதும் சின்ன விஷயம் இல்லை: முன்பு சொன்ன 1944 அறுவையான பழைய பிளாலாக் இணைப்பில் கைக்குப் போகும் தமனியையே வெட்டி நுரையீரல் தமனியோடு சேர்த்திருப்பார்கள், அந்தக் கையில் அழுத்தம் எப்போதும் குறைவாகவே காட்டும். ரத்தம் வலமிருந்து இடமாகக் கலக்கும் இதயம் என்றால், சிரைவழி டிரிப்பில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையக்கூடாது. அது மூளைக்குப் போகலாம். இதையும் தாளில் எழுதிவையுங்கள். நள்ளிரவு அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் எண்களால். ஒருவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி 82 என்கிறார். ஐசன்மெங்கர், அதாவது மூடாத ஓட்டையால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி ரத்தம் தலைகீழாகக் கலக்கும் நிலை, உள்ளவருக்கு அது அன்றாட அளவாக இருக்கலாம். முழுமையாகச் சரிசெய்த ஃபாலோ இதயத்தில் அதே 82 என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் இப்படித்தான். செயற்கை வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) இலக்கு மாறும். பக்கத்திலிருப்பவரின் மாத்திரை அளவு உங்களுக்கு ஆகாது. நீலம்பாரித்தவருக்கு ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால், "ரத்தம் கெட்டியாயிடுச்சு, கொஞ்சம் எடுத்துடுங்க" என்று யாராவது சொல்வார். அந்த உயர்வு உடல் தன் ஆக்சிஜன் குறையை ஈடுகட்டும் வழி. அடிக்கடி ரத்தம் எடுத்தால் இரும்புச்சத்து வற்றி, பக்கவாத ஆபத்துதான் கூடும்.

அப்படியானால் எதைப் பகிரலாம்? நெஞ்செலும்பைத் திறந்த அறுவைக்குப் பின் இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. மணம் பேசும்போது எந்தக் கட்டத்தில் சொல்வது, எப்படிச் சொல்வது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் என்னென்ன கேட்பது. இவையெல்லாம் வாழ்ந்தவர்களிடம்தான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: "கடைசியா எக்கோ, அதான் இதய ஸ்கேன், எப்ப எடுத்தீங்க?" 17, 18 வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து வெளியே வந்ததும் பலர் சிகிச்சைத் தொடர்பை விட்டுவிடுகிறார்கள். "சரிபண்ணியாச்சு" என்ற நம்பிக்கைதான் காரணம். ஃபாலோ சரிசெய்த பலருக்கு நுரையீரல் வால்வு ஒழுகிக்கொண்டே இருக்கும். வலது கீழறை மெல்ல விரியும். மூச்சு வாங்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கலாம். வேறு எதுவும் செய்யாமல் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கும் குழுவும் உயிர் காக்கும்.

பெற்றோருக்குத் தனிக் கூட்டம் வையுங்கள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் குறை இருப்பதை நேற்றுதான் கேள்விப்பட்ட தாயை, மூன்றாவது அறுவைக்குக் காத்திருப்பவரின் பக்கத்தில் முன்னேற்பாடில்லாமல் உட்காரவைக்காதீர்கள். இருவருக்கும் அது வலி.

குழுவில் ஒருவரின் மரணமும் வரும். யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று குழு தொடங்கும் நாளிலேயே முடிவுசெய்துவிடுங்கள். குடும்பத்தின் சம்மதம் முதலில். அதே அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவேண்டும். குழுச் செய்தி அதற்குப் பிறகுதான். அடுத்த கூட்டத்தை மட்டும் தள்ளிவைக்காதீர்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் வரவேண்டியிருக்கும்.