வாசலில் நட்ட போர்டுக்கு நோட்டீஸ் வந்தது

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, காஸ்ட்கோ ஷாப்பிங்கும் இல்லை. டெக்சஸில் தேர்தல் வருடம் பிறந்தால் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று உங்களுக்கே தெரியும். அதிலும் இந்த வாரம் செம கடுப்பு.

எங்கள் ஏரியா ரிபப்ளிகன் பெண்கள் கிளப்பில் பிரைமரி (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) வேலை தொடங்கிவிட்டது என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? நானும் வீட்டு வாசல் புல்தரையில் ஒரு தேர்தல் போர்டு நட்டேன். உடனே எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.விலிருந்து கடிதம்: அனுமதி இல்லாத போர்டு, எடுக்காவிட்டால் அபராதம்! மாதாமாதம் பணம் வாங்குகிறவர்களுக்குச் சட்டம் தெரிய வேண்டாமா?

டெக்சஸ் தேர்தல் சட்டம், பிரிவு 259.002. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து, தேர்தல் முடிந்து 10 நாள் வரை, நம் சொந்த இடத்தில் வைக்கும் தேர்தல் போர்டை ஹெச்.ஓ.ஏ. தடுக்கவே முடியாது. 2026 மார்ச் 3 பிரைமரி என்றால் டிசம்பர் 3-லிருந்தே நமக்கு உரிமை உண்டு. தரையில்தான் நட வேண்டும், ஒரு வேட்பாளருக்கு ஒன்றுதான், 4-க்கு 6 அடியைத் தாண்டக்கூடாது என்று வேண்டுமானால் அவர்கள் கேட்கலாம். என்னுடையது 18-க்கு 24 அங்குலம்! பிரிவை பிரிண்ட் எடுத்து, அந்த வரிகளில் மஞ்சள் மார்க்கர் அடித்து அனுப்பினேன். நோட்டீஸ் வாபஸ் என்று ஒரே வரியில் பதில் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. பரவாயில்லை, போர்டு நிற்கிறது. பக்கத்துத் தெருவில் இதே நோட்டீஸ் வாங்கியவர்களுக்கும் அந்தப் பிரிண்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆங், போர்டு யாருடையது என்று சொல்லவே இல்லையே. ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், அதாவது உள்ளூர் சிறு வழக்கு நீதிபதி பதவிக்கு நிற்பவருடையது. ரிபப்ளிகன் செனட் வேட்பாளர் கார்னினா, பாக்ஸ்டனா என்று டிவி முழுக்க செனட் சண்டைதான். ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும், 20,000 டாலர் வரைக்கான பண வழக்கும் இந்த நீதிபதியிடம்தான் வரும். இங்கே நீதிபதிகளும் கட்சிச் சின்னத்தில்தான் நிற்கிறார்கள். முன்பெல்லாம் கட்சிப் பெயரில் ஒரு தட்டு தட்டினால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஓட்டு விழுந்துவிடும். 2020 பொதுத்தேர்தலிலிருந்து அது இல்லை. கடைசிப் பெயர் வரை இறங்கி வந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வெளியே வருகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் வீடு வீடாகப் போகிறோம்.

பிரைமரிக்கே இத்தனை பாடா என்று கேட்பீர்கள். 1994-க்குப் பிறகு டெக்சஸில் மாநில அளவில் ஒரு டெமாக்ரட் கூட ஜெயித்ததில்லை. அதனால் வரி குறைய வேண்டும், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பேச்சு எடுபட வேண்டும் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு, யார் வரப்போகிறார் என்பது பெரும்பாலும் மார்ச்சிலேயே முடிவாகிவிடும். இங்கே கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யத் தேவையில்லை. பிரைமரியில் ஏதாவது ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கினால் போதும். ஆனால் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்கும் தம்பி தங்கைகள் தயவுசெய்து எந்த வாக்காளர் பதிவுப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது கம்பி விஷயத்துக்கு வருகிறேன். போர்டைத் தாங்கும் அந்தக் கம்பிக் கால் இருக்கிறதே, அதைப் போல ஒரு மட்டமான பொருளை நான் பார்த்ததில்லை. எங்கள் மண் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி. காய்ந்தால் வெடித்துக் கல்லாகிவிடும், நனைந்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். மிதித்தால் கம்பி வில்லாக வளைகிறது. ஒரு கட்டு 25 டாலர், அதில் பாதி குப்பைக்கு! கிளப்பில் ஒரு பாட்டிம்மா வழி சொன்னார்: நீளமான ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியால் அடித்து முதலில் குழி போடு, குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்று, பிறகு கம்பியை இறக்கு. வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிட்டது. சனிக்கிழமை ஒரு தெரு முழுக்க இப்படியே நட்டு முடித்தோம், ஒன்று கூட வளையவில்லை!

அப்புறம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது: வீடு வீடாகப் போகும்போது பிரச்சார நோட்டீசுகளைத் தபால் பெட்டிக்குள் போடாதீர்கள். ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் அதற்குள் போடுவது ஃபெடரல் சட்டப்படி குற்றம். கதவுக் கைப்பிடியில் மாட்டும் அட்டைதான் சரி.

இன்னொன்று, பிரிசிங்க்ட் சேர், அதாவது ஒரு வாக்குப்பதிவு வட்டாரத்துக்கான கட்சிப் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது, இரண்டு வருடப் பதவி, இதே மார்ச் சீட்டிலேயே தேர்ந்தெடுக்கப்படுவார்கள். எங்கள் பக்கத்து பிரிசிங்க்ட்டுக்கு ஆளே இல்லை. காலியிடத்தைக் கட்சியின் கவுண்டி (மாவட்ட) கமிட்டியே நிரப்பலாம். கமிட்டியில் உட்காருவதும் இந்தச் சேர்களேதான். அவர்கள் கையில் ஓட்டு இருக்கும்போது நம் ஆட்கள் ஏன் போய் உட்காரக்கூடாது?

முன்கூட்டி ஓட்டுப் போடுவது பிப்ரவரி 17 முதல் 27 வரை. வாக்காளர் அட்டை இருந்தாலும் டிரைவிங் லைசன்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். கம்பி நடும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை போடுகிறேன்.