கூட்டாளி போட்டால்தான் இவனும் போடுவான்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை ஹெல்மெட் போட வைப்பது பெரியவர்களின் கண்டிப்பா, கூட்டாளிகளின் பழக்கமா?’ இதுதான் தலைப்பு. கூட்டாளிகளின் பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

அண்ணன் ‘அடியாத மாடு படியாது’ என்றார். ஹெல்மெட் போடவில்லையா, சைக்கிள் சாவியைப் பிடுங்கி வையுங்கள் என்றார். நான் அதைச் செய்து பார்த்தவள். என் மகன் எட்டாம் வகுப்பு போனபோது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். போடாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று தினமும் காலையில் நிலைப்படியில் நின்றேன். அவனும் போட்டுக்கொண்டுதான் போனான். தெருமுனை திரும்பியதும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவான் என்பது எனக்குத் தெரியாது. டி.எச். ரோட்டோரம் சிந்திக் கிடந்த ஜல்லியில் சக்கரம் வழுக்கி அவன் விழுந்த அன்றுதான் தெரிந்தது. நெற்றியில் ஆறு தையல். ஹெல்மெட் ஒரு கீறல்கூட இல்லாமல் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு, ‘ஏன்டா கழற்றினாய்?’ என்று கேட்டேன். திட்டவில்லை, கேட்டேன். ‘எல்லாரும் தர்பூசணி மண்டைன்னு கூப்பிடுறாங்கம்மா’ என்றான்.

நடுவர் அவர்களே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்குப் பக்கத்தில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளை அவன். அந்த ட்ரெய்லருக்குப் பயப்படாதவன் கூட்டாளியின் சிரிப்புக்குப் பயப்படுகிறான். பதின்மூன்று வயது அப்படித்தான். அந்தப் பயத்தை நான் போட்ட சத்தம் போக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் போனால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. ஆனால் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அப்படியல்ல. மணல், ஜல்லி, பள்ளம், பின்னால் கேரியரில் டபுள்ஸ் உட்கார்ந்தவன் ஆட்டியது, இவற்றால்தான். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே, ஐந்தடி உயரத்தில் இருக்கும் தலை தரையில் மோதும்போது மணிக்கு 20 கி.மீ. வேகத்தை நெருங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் போன்ற நுரை நசுங்கி அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளில் காயப்பட்ட 64,000-க்கும் அதிகமான சைக்கிள் ஓட்டிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலையில் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவு என்று கண்டது.

சரி, சட்டத்துக்கு வருவோம். அண்ணன் ஆஸ்திரேலியாவைக் காட்டினார். உண்மைதான். விக்டோரியா மாநிலத்தில் 1990-இல் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். போடுபவர்கள் 31 சதவீதத்திலிருந்து ஓராண்டில் 75 சதவீதமானார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன் பல ஆண்டுகள் பள்ளிகளிலும் ஊர்களிலும் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள் என்பதை அண்ணன் விட்டுவிட்டார். இன்னொன்றும் உண்டு. சட்டம் வந்த பிறகு மெல்போர்ன் சாலைகளில் எண்ணிப் பார்த்தபோது, சைக்கிளில் வரும் பதின்வயதுப் பிள்ளைகளே வெகுவாகக் குறைந்திருந்தார்கள். ஹெல்மெட் போடுவதற்குப் பதில் சைக்கிளையே விட்டுவிட்ட பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள். நாம் பேசுகிற வயது அதுதானே! நம் ஊரிலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் ஹெல்மெட் கேட்கிறது. சைக்கிளில் போகும் பிள்ளையை எந்த சிக்னலிலும் போலீஸ் நிறுத்தாது.

அப்புறம், நம் பிள்ளைகளுக்குத் தலையில் எதையும் மாட்டப் பிடிக்காது என்பது அண்ணனின் கட்சி. ராயபுரம், புளியந்தோப்புப் பக்கம் பாக்ஸிங் பழகும் சிறுவர்களைப் பாருங்கள். ஹெட்கார்டு இல்லாமல் சண்டைக்கு இறங்க மாட்டார்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால் மேட்ச் ஆடுகிறவன் முழங்காலுக்குக் கீழே மாட்டும் ஷின்கார்டை மறந்தால் அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறான். எவனும் எவனையும் கேலி செய்வதில்லை. அங்கே எல்லோரும் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

என் மகனுக்கு நடந்ததும் இதுவே. அவனோடு ஃபுட்பால் ஆடும் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் அந்த ஆறு தையலைப் பார்த்துவிட்டு ஹெல்மெட் வாங்கினான். டீமில் அவன்தான் கோல்கீப்பர். பொடியன்களுக்கு அவன் சொல்தான் வேதம். அவன் போட்டதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். அதன் பிறகு என் மகனை நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்த ஒருவனிடம், ‘அது உனக்கு ஆடும்டா, கனம் வேற’ என்று அந்த கோல்கீப்பர்தான் சொன்னான். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும், வார் தாடையில் பதிந்து நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவனுக்கும் அவனே சரிசெய்துவிட்டான். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது என்பதை என் மகன்தான் எனக்குச் சொன்னான்.

பெண் பிள்ளைகளின் சங்கடம் வேறு. உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டையோடு ஹெல்மெட் உட்காராது. வைத்த பூ நசுங்கும். தாழ்த்திப் பின்னிக்கொள், பள்ளிக்குப் போய்ப் பூ வைத்துக்கொள் என்று ஒரு தோழி சொன்னால் அது யோசனை. அதையே நான் சொன்னால் உபதேசம்.

நடுவர் அவர்களே, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. வகுப்பே ஒரே மாதிரி சைக்கிளில் வீடு திரும்புகிற நாள் அது. அந்த சைக்கிளோடு ஆளுக்கொரு ஹெல்மெட்டும் கொடுத்துப் பாருங்கள். வகுப்பு மொத்தமும் போட்டிருக்கும்போது யார் யாரைத் தர்பூசணி என்று கூப்பிடுவது?

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். பின்வரிசையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிற பிளஸ் ஒன் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் நீங்கள் முடி வெட்டுகிற மாதிரியே வெட்டிக்கொண்டு திரிவான். நாளைக் காலை அவன் கண்ணில் படும்படி ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.